சீட்டு வித்தை பற்றி வகுப்பில் மூன்று நிமிடம் பேசுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருந்து பிளஸ் ஒன் படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார். தமிழ் வகுப்பில் ‘எனக்குப் பிடித்த ஒன்று’ என்ற தலைப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். அவருக்குப் பிடித்தது சீட்டு வித்தை. ஆனால் அப்பாவுக்குச் சீட்டு என்றாலே ஆகாது, டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம், வித்தை செய்து காட்டலாமா கூடாதா, ரகசியத்தைக் கேட்டால் என்ன சொல்வது, எழுந்து நின்றாலே கை நடுங்குகிறது. படிக்க ஐந்து கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நான் இவ்வளவு ஆசையாகப் பழகும் ஒன்றை மற்றவர்கள் சூதாட்டம் என்றோ பிள்ளை விளையாட்டு என்றோ தள்ளிவிடாமல், மதிப்போடு பார்க்க வைக்க முடியுமா என்பதுதான் அது. முடியும். மூன்று நிமிடம் அதற்குத் தாராளம்.

நான் குன்னூரில் ஆசிரியராக இருந்தவன். இலக்கிய மன்றத்துக்காகப் பிள்ளைகளைப் பேசத் தயார் செய்வது பல ஆண்டுகள் என் பொறுப்பாக இருந்தது. சீட்டு வித்தை அதற்கும் முந்திய பழக்கம். வகுப்பறை, ஆண்டு விழா, கல்யாண வீடு, இந்த அளவில்தான் செய்திருக்கிறேன். டிக்கெட் போட்டு மேடை ஏறும் வித்தைக்காரன் இல்லை. அதனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எது எடுபடும் என்பதை உறுதியாகச் சொல்வேன். பெரிய அரங்கத்துக்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

முதலில் அப்பா விஷயம். மலையில் ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைன் பக்கமோ கடைத்தெருப் பின்பக்கமோ நடந்தவர்களுக்கு அவர் கோபம் புரியும். காசு வைத்து மங்காத்தாவும் மூணு சீட்டும் ஆடி வாரக் கூலியைத் தொலைத்தவர்களை அவர் பார்த்திருப்பார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேச்சுக்கு முன்னால் ஒரு நாள் சாயந்திரம், வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் கையிலேயே சீட்டுக்கட்டைக் கொடுத்துக் கலைக்கச் சொல்லி ஒரே ஒரு வித்தை காட்டுங்கள். பந்தயம் இல்லை, தோற்பவர் யாரும் இல்லை என்பது வாயால் சொல்லாமலே அவருக்குத் தெரியும். டீச்சரிடம் அப்படி இல்லை, வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். பல பள்ளிகளில் பையில் சீட்டுக்கட்டு இருந்தாலே பிடுங்கி வைத்துவிடுவார்கள். “என் பேச்சுக்கு ஒரு கட்டு கொண்டுவர வேண்டும், பேசி முடித்ததும் உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். மதிப்பெண் எதற்கு, உச்சரிப்புக்கா, பொருளுக்கா, நேரத்துக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்.

பேச்சில் சூதாட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். “எங்கள் வீட்டில் சீட்டு என்றால் கோபம் வரும், அதற்குக் காரணம் இருக்கிறது, நான் சொல்லப்போவது பணம் வைக்காத சீட்டைப் பற்றி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிலர் சட்டத்தை இழுப்பார்கள். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பை உங்கள் பேச்சுக்குள் கொண்டுவந்தால் வகுப்பு அதையே பிடித்துக்கொள்ளும், நீங்கள் வித்தைக்கு வரவே முடியாது.

அடுத்தது, என்ன பேசுவது. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். சீட்டின் வரலாறு ஒரு பத்தி, வித்தையின் வகைகள் ஒரு பத்தி, நினைவாற்றல் வளரும், கவனம் கூடும், தன்னம்பிக்கை வரும் என்று ஒரு பத்தி, நன்றி வணக்கம். இந்தப் பேச்சை யார் வேண்டுமானாலும் பேசலாம், சீட்டைத் தொடாதவர்கூடப் பேசலாம். நீங்கள் மட்டுமே பேசக்கூடிய பேச்சு வேறு. எந்த வித்தையைப் பார்த்து வாயைப் பிளந்தீர்கள், யார் செய்தது, அன்று ராத்திரி தூக்கம் வந்ததா, முதல் கட்டு யாருடையது, எந்த அசைவு இன்னும் கைக்கு வரவில்லை. இதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு விரித்துச் சொன்னாலே இரண்டு நிமிடம் ஓடிவிடும். நினைவாற்றல் வளரும் என்பதை, உங்களுக்கு உண்மையிலேயே வளர்ந்திருந்தால், எப்படித் தெரிந்தது என்பதோடு சொல்லுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கைப்பழக்கத்தைக் காட்டுவதற்கு நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பது ஒற்றைக் கையால் சீட்டுக்கட்டை வெட்டுவது, அதாவது கட்டை இரண்டாகப் பிரித்து மேல்பாதியையும் அடிப்பாதியையும் இடம் மாற்றுவது. சார்லியர் கட் என்பார்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை, முழுக்க வெளிப்படையான கைத்திறன், அதனால் வகுப்பில் விளக்கினாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். கட்டை உள்ளங்கையில் வைக்காமல் விரல் நுனிகளில் நிறுத்த வேண்டும். ஒரு நீள ஓரத்தில் கட்டைவிரல், எதிர் ஓரத்தில் நடுவிரலும் மோதிரவிரலும், முன்னால் ஆட்காட்டி விரல், பின்னால் சுண்டுவிரல் தாங்கல். கட்டைவிரலை லேசாகத் தளர்த்தினால் அடிப்பாதி உள்ளங்கையில் விழும். ஆட்காட்டி விரலை அடியில் கொடுத்து அந்தப் பாதியைக் கட்டைவிரல் பக்கம் மேலே தள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் அது மேல்பாதியின் விளிம்பைத் தாண்டும், மேல்பாதி கீழே இறங்கும், இரண்டும் இடம் மாறிச் சேர்ந்துவிடும். படிக்கும்போது சுலபம். பழக ஆரம்பித்தால் சீட்டெல்லாம் தரையில் கிடக்கும், குனிந்து பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு வலிக்கும். கட்டிலின் மேல் நின்று பழகச் சொல்வேன், மெத்தையில் விழுந்தால் பொறுக்குவது எளிது. வகுப்பில் இதை மெதுவாக ஒரு முறை செய்துகாட்டி, “இந்த மூன்று விநாடிக்கு எனக்கு இத்தனை வாரம் ஆனது” என்று உங்கள் உண்மைக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளை விளையாட்டு என்று நினைத்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் பார்த்தவரை வித்தையைவிட இதற்குத்தான் வகுப்பு அதிகம் மதிப்புக் கொடுக்கிறது.

வித்தை ஒன்று காட்டலாம். ஒன்றுதான், நாற்பது விநாடிக்குள். இருபத்தொரு சீட்டு வித்தையை எடுத்துவிடாதீர்கள், ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். மூன்று வரிசையாக ஏழு ஏழு சீட்டுப் போட்டு, எந்த வரிசை என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து, இப்படி மூன்று தடவை போட்டால் நினைத்த சீட்டு பதினொன்றாவது இடத்தில் வந்து நிற்கும். கணக்குச் சரியாக இருந்தால் தவறவே தவறாது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மொத்தம் 63 தடவை ஒவ்வொரு சீட்டாக எடுத்துவைக்க வேண்டும். உங்கள் மூன்று நிமிடமும் அதிலேயே போய்விடும், முதல் பெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும், வகுப்பில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒரு சீட்டை எடுக்கவைத்து, திருப்பி வைக்கவைத்து, கண்டுபிடிப்பது என்ற எளிய வகை போதும். அதன் வழிகளைப் பொது இடத்தில் எழுத மாட்டேன், உங்களுக்கு ஒன்றாவது தெரிந்திருக்கும்.

கடைசி பெஞ்சை மறக்க வேண்டாம். சாதாரணச் சீட்டு ஏறக்குறைய 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். ஐந்தாவது வரிசையில் இருப்பவருக்கு அது வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். அதனால் சீட்டை எடுத்தவரிடம், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எல்லோருக்கும் தூக்கிக் காட்டுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மெதுவாக நடந்துபோய்க் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். கடைசியில் சீட்டைத் தூக்கிக் காட்டும்போது பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். “கிளாவர் ஏழு!” என்று சொன்னால்தான் பின்னால் இருப்பவர் கைதட்டுவார். உதவிக்குக் கூப்பிடுவது அமைதியான ஆளாக இருக்கட்டும். வகுப்பின் குறும்புக்காரரைக் கூப்பிட்டால் அவர் கட்டைக் கலைத்துப்போட்டுவிட்டுச் சிரிப்பார். முன்கூட்டியே பேசிவைத்த ஆளும் வேண்டாம், பிறகு அது வெளியே வந்தால் நீங்கள் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள். கரும்பலகையை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து உங்கள் கையும் சீட்டும் நிழலாகத்தான் தெரியும்.

பேச்சின் எந்த இடத்தில் வித்தை? நடுவில். ஆரம்பத்திலேயே காட்டினால் அடுத்த இரண்டு நிமிடமும் வகுப்பு எப்படிச் செய்தாள் என்றே யோசித்துக்கொண்டிருக்கும், நீங்கள் சொல்வது காதில் ஏறாது. கடைசியில் வைத்தால், சரியாக வந்தாலும் சத்தத்தில் உங்கள் முடிவு வாக்கியம் அடிபட்டுப்போகும். தவறிவிட்டாலோ தவறியதோடு உட்கார வேண்டியிருக்கும். நடுவில் வைத்தால் பின்னால் பேச ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும், எதையும் சரிசெய்துகொள்ளலாம். தவறான சீட்டு வந்தால் மழுப்ப வேண்டாம். “இது இல்லையா? உங்கள் சீட்டு எது?” என்று கேளுங்கள். அவர் சொன்னதும் கட்டை மேசையில் வைத்துவிட்டு, “இதற்காகத்தான் தினமும் பழகுகிறேன்” என்று அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். தவறிய பிறகு நிதானமாகப் பேசும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

ரகசியத்தைக் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மந்திரம், சக்தி என்றெல்லாம் பூசவும் கூடாது. “கைப்பழக்கம் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், உங்கள் கவனம் எங்கே போகும் என்பது கொஞ்சம், இவ்வளவுதான் சொல்வேன்” என்றால் பொய்யும் இல்லை, ரகசியமும் போகவில்லை. கவனத்தைப் பற்றி ஒரு ஆதாரம் வேண்டுமானால் 1999-இல் வெளிவந்த சோதனை ஒன்று இருக்கிறது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் குறுக்கே நடந்துபோனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. வித்தைக்காரர்கள் காலம் காலமாகக் கையில் தெரிந்துவைத்திருந்ததற்கு ஆய்வகச் சான்று போல இது.

தகவல்களைச் சேர்க்கும்போது உறுதியானதையும் கட்டுக்கதையையும் பிரித்துக்கொள்ளுங்கள். 52 சீட்டு 52 வாரம், நான்கு ஜாதி (ஆட்டின், டைமன், கிளாவர், ஸ்பேட்) நான்கு பருவம், ஜாக், ராணி, ராஜாவை 11, 12, 13 என்று வைத்து எல்லா எண்ணையும் கூட்டினால் 364, ஜோக்கரைச் சேர்த்தால் 365, அதனால் சீட்டுக்கட்டு ஒரு நாள்காட்டி என்று பலர் பேசுவார்கள். கூட்டல் சரிதான். ஆனால் நாள்காட்டிக்காகத்தான் சீட்டு உண்டாக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை, ஜோக்கரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததுதான். பழைய இந்தியாவின் கயிற்று வித்தை என்று ஒன்றைச் சொல்வார்கள். கயிறு வானத்தில் நிற்கும், பையன் ஏறி மறைவான் என்ற அந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது 1890-இல் சிகாகோ நாளிதழ் ஒன்றில் வந்த செய்தியால். அது கற்பனை என்று அதே பத்திரிகை சில மாதங்களில் ஒப்புக்கொண்டது. பேச்சில் அதைச் சரித்திரமாகச் சொல்லிவிடாதீர்கள்.

உறுதியானதும் சுவையானதும் வேண்டுமா? பாபர் 1527-இல் சிந்துவில் இருந்த ஷா ஹுசைனுக்குக் கஞ்சிஃபா சீட்டுகள் அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கஞ்சிஃபா சீட்டு பெரும்பாலும் வட்டமானது, கையால் வரைந்தது. பத்து அவதாரங்களை வைத்து, ஜாதிக்கு 12 வீதம் 120 சீட்டு உள்ள கட்டும் உண்டு. ஊட்டியில் இருந்து கூடலூர், முதுமலை வழியாக இறங்கினால் வரும் மைசூரில் அரசராக இருந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் அந்த ஆட்டங்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டு புதிது புதிதாகச் சீட்டுக்கட்டுகளை உருவாக்கினார். நம் மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் விஷயம், யாரும் சொல்வதில்லை.

கணக்கு டீச்சரும் வகுப்பில் இருப்பார் என்றால் பெர்சி டயகோனிஸை எடுங்கள். பதினான்கு வயதில் வீட்டை விட்டு, டாய் வெர்னன் என்ற பெரிய சீட்டு வித்தைக்காரரோடு ஊர் ஊராகப் போனவர், பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் கணிதப் பேராசிரியர் ஆனார். கட்டை இரண்டாகப் பிரித்து இரு பாதியையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கலைத்தால், 52 சீட்டும் நன்றாகக் கலைய ஏழு தடவை வேண்டும் என்று அவரும் டேவ் பேயரும் 1992-இல் கணித வழியில் காட்டினார்கள். நாம் வீட்டில் கையில் பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தள்ளிக் கலைப்பதற்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 68 இலக்க எண். வெர்னனுடைய குரு-சிஷ்யக் கதை பிடித்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாபர், டயகோனிஸ், கொரில்லா மூன்றையும் மூன்று நிமிடத்தில் அடைத்தால் உங்களுக்கு இடம் இருக்காது. ஒன்றே ஒன்று.

ஆரம்ப வாக்கியத்துக்கு ஒரு யோசனை. வீட்டில் இருக்கும் சாதாரணக் கட்டை எடுத்து நான்கு ராஜாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டைமன் ராஜா மட்டும் பக்கவாட்டில் திரும்பி ஒரு கண்ணைக் காட்டிக்கொண்டிருப்பார். ஆட்டின் ராஜாவுக்குத் தாடி உண்டு, ஆனால் நால்வரில் அவருக்கு மட்டும் மீசை இல்லை. கையில் இருக்கும் வாள் தலைக்குப் பின்னால் மறைந்து, தலையிலேயே குத்திக்கொள்வது போலத் தெரியும். “நீங்கள் எல்லோரும் சீட்டு பார்த்திருக்கிறீர்கள். நான்கு ராஜாக்களில் யாருக்கு மீசை இல்லை?” என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடி சும்மா நில்லுங்கள். வகுப்பே யோசிக்கும். எல்லோரும் பார்த்த ஒன்றை யாரும் பார்க்கவில்லை என்ற இடத்தில் இருந்து வித்தைக்குள் போவது இயல்பாக இருக்கும். கட்டைக் கட்டாயம் முதலில் சரிபாருங்கள், சில கம்பெனிக் கட்டுகளில் படம் வேறாக இருக்கும்.

எழுதும் அளவு: தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் வரும், இது ஆளுக்கு ஆள் மாறும். வித்தைக்கு நாற்பது விநாடி, சார்லியர் வெட்டுக்குக் கால் நிமிடம் போக இருநூறு சொல்லுக்குள் எழுதுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் விட்டுப்போனால் எல்லாமே நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். வீட்டில் படுக மொழி பேசுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது நல்லதாகப் போயிற்று. முதலில் பாட்டியிடமோ அக்காவிடமோ படுகில் கதை போலச் சொல்லிப் பாருங்கள், எங்கே அவர்கள் முகம் மலர்கிறதோ அந்த இடத்தைத் தமிழில் நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கே கவனம் போகிறதோ அதை வெட்டுங்கள்.

கை நடுக்கத்துக்கு வருகிறேன்ம்மா. அதில் பாதி பயம், பாதி நம் ஊர்க் குளிர். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், காலை முதல் பீரியடில், விரல் நுனி விறைத்திருக்கும். தோல் காய்ந்திருப்பதால் சீட்டு பிடி கொடுக்காமல் வழுக்கும். உங்கள் முறை வருவதற்கு முன் கையைத் தொடையின் கீழ் வைத்து உட்காருங்கள், அல்லது ஸ்வெட்டர் கைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதச் சீட்டு ஈரத்தை இழுத்து வளைந்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டும், இரண்டு சீட்டு ஒன்றாக வரும். கட்டை ஒரு மூடிய டப்பாவில், மேலே கனமான புத்தகம் வைத்து வையுங்கள். பிளாஸ்டிக் சீட்டு ஈரம் இழுக்காது, ஆனால் அதிகம் வழுக்கும். இரண்டில் எதில் பழகினீர்களோ அதையே கொண்டுபோங்கள், அன்றைக்கென்று புதுக்கட்டு உடைக்க வேண்டாம். பேசும்போது கட்டு மேசையில் இருக்கட்டும். கையில் வைத்துக்கொண்டால் பயத்தில் கலைத்துக்கொண்டே இருப்பீர்கள், எல்லோருடைய கண்ணும் அதிலேயே இருக்கும். வெறுங்கை நடுங்கினால் யாருக்கும் தெரியாது. நடுங்கும் கையில் சீட்டு இருந்தால்தான் சலசலக்கும்.

டீச்சர் கட்டுக்கு அனுமதி தரவில்லை என்றாலும் பேச்சை மாற்ற வேண்டாம். ராஜாவின் மீசைக் கேள்வியைக் கேட்டுவிட்டு, சார்லியர் வெட்டை வெறுங்கையில் விரல் எங்கெங்கே நிற்கும் என்று காட்டி விளக்கினால் போதும். அனுமதி கிடைத்து வித்தை காட்டினால், அப்புறம் இடைவேளையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்பார்கள். அதே வித்தையை அதே ஆட்களுக்குத் திரும்பக் காட்டாதீர்கள், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த கண் வேறு இடத்தைப் பார்க்கும். ஒற்றைக் கை வெட்டை வெறுங்கையில் காட்டிச் சொல்லிக்கொடுங்கள், வேண்டியவர்கள் பழகட்டும். கட்டைச் சொன்னபடி டீச்சரிடம் கொடுத்துவிட்டு, பள்ளி விடும்போது வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.